ஷாட்டைக் கெடுத்த மாமாவுக்கு

என் சினிமாக் கூட்டாளி மாமாவுக்கு,

உங்கள் மருமகள் தேவி எழுதுகிறேன். "போனவருக்குக் கடிதாசு எழுதி எந்த அட்ரஸுக்கு அனுப்பப் போற?" என்று உங்கள் பிள்ளை செந்தில் கேட்டார். நாலு பேர் படிக்கிற இடத்தில் போட்டுவிட்டால் நீங்களும் எட்டிப் பார்ப்பீர்கள் என்று ஒரு நினைப்பு. உங்கள் கடைக்கு ஆணி வாங்க வந்தவர் கையில் இருக்கும் பேப்பரைத் தலைகீழாகவே படித்து முடித்துவிடுகிற ஆள்தானே நீங்கள்.

ஒரு படம் பார்த்தேன் மாமா. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு டிவி முன்னால் உட்கார்ந்து நீங்களும் நானும் எத்தனை படங்களைக் கிழித்துத் தொங்கவிட்டிருப்போம்! அத்தைக்கு சினிமா என்றாலே ஆகாது. செந்திலுக்குப் பொறுமை கிடையாது. வீட்டில் நாம் இரண்டு பேர்தான் ஒரு கட்சி. படம் ஓடும்போது நீங்கள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டால் போதும், அந்தப் படம் அவுட். இந்தப் படத்தில் நான் ஒரு தடவைகூட மணி பார்க்கவில்லை. குறை சொல்ல ஓர் இடம் கிடைக்கவில்லை. எனக்கே கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது.

சொன்னால் நம்பமாட்டீர்கள். நம் வீட்டில் வந்து எடுத்தார்களே, அந்தப் படம்தான்.

ஆமாம், அந்த ஒல்லிப் பையன் படம். கீழ்க்கட்டளையில் நம் பழைய தனி வீடு இருந்தபோது, ரப்பர் செருப்பும் தோளில் ஒரு பையுமாக வந்து நின்று, "சார், உங்க வீட்ல ஷூட்டிங் பண்ணிக்கலாமா?" என்று கேட்டானே. நீங்கள் அவனை வாசலிலேயே நிற்கவைத்து விசாரணை நடத்தினீர்கள். "பாட்டு கீதாப்பா?" "இல்ல சார்." "ஃபைட்டு?" "இல்ல சார்." "படத்துக்குப் பேரு?" "இன்னும் வெக்கல சார்." "அப்ப இன்னாதான் எடுக்கப்போற?" அவன் யோசித்துவிட்டு, "ஒரு அம்மா வீட்ல தனியா இருக்காங்க சார்" என்றான். நீங்கள் என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தீர்கள். இருந்தாலும் சாவியைக் கொடுத்துவிட்டீர்கள். சினிமாக்காரன் என்று எவன் வந்திருந்தாலும் கொடுத்திருப்பீர்கள், அது வேறு.

எடுத்தார்கள், போனார்கள். அதற்கப்புறம் அந்தப் படத்தைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. நாமும் விட்டுவிட்டோம்.

நடுவில் என்னென்னவோ நடந்துவிட்டது. நீங்கள் வீட்டை பில்டரிடம் கொடுத்தீர்கள். கட்டி முடிக்கும் வரைக்கும் என்று மேடவாக்கத்தில் வாடகைக்குப் போனோம். அந்த வாடகை வீட்டிலேயே நீங்கள் போய்விட்டீர்கள். உங்கள் மனையில் எழும்பிய கட்டடத்தை நீங்கள் பார்க்கவே இல்லை. இப்போது நாங்கள் அதில் இரண்டாவது மாடியில் இருக்கிறோம். பழைய வீட்டில் மாடிப்படி அறைக்கு மேலே தண்ணீர் டேங்க் நின்றதே, கிட்டத்தட்ட அந்த உயரத்தில்தான் எங்கள் படுக்கையறை வருகிறது. ஜன்னலோரம் நின்றால் எனக்கு ஒரு மாதிரி இருக்கும். நீங்கள் அண்ணாந்து பார்த்த ஆகாயத்தில் கட்டில் போட்டுப் படுத்திருக்கிறோம்.

அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். உடம்புக்கு ஒன்றும் இல்லை. சர்க்கரைகூட கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது. ஆனால் போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம், கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டு என்னைக் கேட்டார்.

"தேவி, உங்க மாமா என்னை எப்படிக் கூப்புடுவாரு? மொகம் கண்ணுல நிக்குது. கொரலுதான் வரமாட்டேங்குது."

நான் 'வசந்தா' என்று உங்களைப் போலச் சொல்லிக் காட்டினேன். சரியாக வரவில்லை. செந்திலைச் சொல்லச் சொன்னோம். அவருக்கு உங்கள் மூக்கு இருக்கிறது, குரல் இல்லை. "வுடு, வுடு" என்று அத்தை எழுந்து போய்விட்டார். அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

உங்கள் குரல் எங்கேயாவது இருக்கும் என்றுதான் நினைத்தேன். தேடிப் பார்த்தால் எதிலுமே இல்லை. போனில் "ஆங், சரி, வெச்சுடு" என்பதற்கு மேல் நீங்கள் பேசியதில்லை. வாய்ஸ் மெசேஜ் அனுப்பக் கற்றுக்கொடுத்தபோது, "அது இன்னா சுவத்தப் பாத்துப் பேசறாப்பல" என்று விட்டுவிட்டீர்கள். எங்கள் கல்யாண வீடியோவைப் போட்டுப் பார்த்தோம். பந்தியில் நின்று கையை ஆட்டி ஆட்டி யாரையோ அதட்டுகிறீர்கள். வாய் அசைகிறது. அந்த வீடியோக்காரப் புண்ணியவான் அதன்மேல் முழுக்க முழுக்க சினிமாப் பாட்டைப் போட்டு மூடி வைத்திருக்கிறான். நீங்கள் வாயைத் திறக்கும் இடமெல்லாம் யாரோ ஒரு பாடகர்.

அதற்குப் பிறகுதான் பயம் வந்தது மாமா. ஒரு மத்தியானம் துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போய்விட்டு இறங்கி வருகிறேன். சமையலறையில் ஆம்பிளைக் குரல் மாதிரி ஏதோ கேட்கிறது. "வசந்தா." கொஞ்சம் விட்டு, "ஏ வசந்தா." அப்புறம் கோபமாக, "வசந்தா!" எட்டிப் பார்த்தேன். அத்தை அடுப்புக்கு முன்னால் தனியாக நிற்கிறார். தொண்டையைக் கட்டையாக்கிக்கொண்டு தன் பெயரைத் தானே ஒவ்வொரு விதமாகச் சொல்லிப் பார்க்கிறார். எதுவும் பொருந்தவில்லை போல, தலையை ஆட்டி ஆட்டி மறுபடி ஆரம்பிக்கிறார். நான் வந்த சுவடு தெரியாமல் படியேறிப் போய், காய்ந்த துணியை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்து அழுதேன்.

இது தினமும் நடக்க ஆரம்பித்தது. சாப்பாடு குறைந்தது. யாராவது கூப்பிட்டால் திரும்புவதில்லை, வேறு எதையோ காது கொடுத்துக் கேட்பதுபோல இருப்பார். டாக்டர் தூங்குவதற்கு மாத்திரை கொடுத்தார். மறந்துபோன குரலுக்கு என்ன மாத்திரை இருக்கிறது?

இந்த நிலைமையில்தான் நான் மிக்ஸி ஜாரைத் தூக்கிக்கொண்டு தாம்பரத்துக்குப் போனேன். பிளேடு போய்விட்டது. மார்க்கெட் பக்கம் நம் மிக்ஸி கடை பாய் இருக்கிறாரே, அவர்தான். "ரெண்டு மணி நேரம் ஆவும்மா, வேற வேலை இருந்தா பாத்துட்டு வாங்க" என்றார். வேறு வேலை ஒன்றும் இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. வெளியே வந்தால் எதிர்ச் சுவரில் ஒரு போஸ்டர். பாதியை யாரோ கோச்சிங் சென்டர் நோட்டீஸ் ஒட்டி மறைத்திருந்தார்கள். மீதிப் பாதியில் நம் வீட்டு கேட்.

பச்சை பெயிண்டும், நீங்களே வெல்டிங் வைக்கச் சொன்ன அந்தக் கோணல் தாழ்ப்பாளும் அப்படியே இருந்தன. இடித்துப்போட்ட வீட்டின் கேட் தாம்பரத்துச் சுவரில் நிற்கிறது. நான் கிட்டப் போய்த் தொட்டுப் பார்த்தேன். பசை இன்னும் ஈரமாக இருந்தது.

படத்துக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். 'ஈரத்துணி'. பெயரைப் பார்த்ததும் எனக்குக் கொட்டாவி வந்தது. உங்களுக்கும் வந்திருக்கும். ஏசிக்கு ஆச்சு, நம் வீட்டை இன்னொரு தடவை பார்த்தாற்போல் ஆச்சு என்று பக்கத்துத் தியேட்டருக்குப் போனேன். கவுண்ட்டரில் இருந்தவர் டிக்கெட்டைக் கொடுக்காமல் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பத்துப் பேராவது வரணும்மா, இல்லன்னா ஷோ கிடையாது. இருங்க, பாப்போம்." வெயிலுக்கு ஒதுங்கிய காலேஜ் பிள்ளைகள் கொஞ்சம் பேர் வந்து சேர்ந்ததும் கதவைத் திறந்தார்.

கதை என்ன என்று கேட்பீர்கள். ஒரு வீடு, ஒரு பெண். புருஷன் கம்பெனியில் நைட் ஷிஃப்ட் பார்க்கிறவன். யார் வந்து கேட்டாலும், "நைட் டூட்டி முடிச்சு வந்து உள்ள தூங்குறாரு" என்கிறாள். கேஸ்காரரிடம், பக்கத்து வீட்டம்மாவிடம், அவன் சொந்தத் தம்பியிடம்கூட அதேதான். சாப்பாடு எடுத்து மூடி வைக்கிறாள். சட்டையைத் துவைத்துக் காயப்போடுகிறாள். சத்தம் கேட்டு முழித்துக்கொள்வான் என்று பாத்திரத்தைக்கூட மெதுவாகக் கழுவுகிறாள். அந்த அறையின் கதவை மட்டும் படம் திறப்பதே இல்லை. அரைமணி நேரம் போனபிறகுதான் நமக்கு உறைக்கிறது: உள்ளே யாரும் இல்லை. அவன் எப்போதோ போய்விட்டான். செத்தானா, ஓடிவிட்டானா என்பதை அந்தப் பையன் கடைசி வரை சொல்லவில்லை.

இதை வைத்து எவ்வளவு அழ வைக்கலாம்! அவன் அழ வைக்கவில்லை மாமா. பின்னணி இசை கிடையாது. அவள் துணி பிழிகிற சத்தம், சுவிட்ச் போடுகிற சத்தம், தெருவில் கோலமாவுக்காரர் போகிற சத்தம், அவ்வளவுதான். நடித்த பெண் ஒரு தடவைகூட நம்மைப் பார்த்து 'பாவம் நான்' என்று நிற்கவில்லை. நம் ஹால், நம் சமையலறை மேடை, நம் துவைக்கிற கல். நான் பார்த்துப் பார்த்துச் சலித்த சுவரெல்லாம் எனக்குப் புதிதாக இருந்தது. சிரித்துப் பேசிக்கொண்டு வந்த காலேஜ் பிள்ளைகள் எப்போது வாயை மூடினார்கள் என்று எனக்குத் தெரியாது.

ஒரு மணி நேரம் இப்படிப் போகிறது. அவள் தரையில் உட்கார்ந்து அவன் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருக்கிறாள். தியேட்டரே மூச்சு விடவில்லை. அப்போது வெளியிலிருந்து ஒரு குரல்.

"வசந்தா! ஏ வசந்தாஆ! டேங்கு ரொம்பி ஊத்துது பாரு, மோட்டார நிறுத்து!"

உங்கள் குரல்.

பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. பின்னால் ஒரு பெண் "ஐயோ" என்றாள். ஏனென்றால் கதையில் அது அந்தப் புருஷன் குரல். இல்லாதவன் கூப்பிடுகிறான். திரையில் அவள் கை நிற்கிறது. தலையைத் தூக்குகிறாள். முகத்தில் பயமா, சந்தோஷமா, சொல்லத் தெரியவில்லை. எழுந்து போய் சுவிட்சை அணைக்கிறாள். வந்து உட்கார்ந்து மறுபடி ஊசியை எடுக்கிறாள். அதுவரை படத்தில் அவளுக்குப் பெயரே இல்லை. அதற்குப் பிறகு எல்லோரும் அவளை வசந்தா என்று கூப்பிடுகிறார்கள்.

ஷூட்டிங் அன்றைக்கு நடந்தது உங்களுக்கு மறந்திருக்காது. லைவ் சவுண்டு என்று சொல்லி ஃபேனை நிறுத்தி, ஃபிரிட்ஜ் ஒயரைப் பிடுங்கி, நம்மையெல்லாம் வீட்டைவிட்டு விரட்டினார்கள். அத்தை அதற்கு முன்னாலேயே மோட்டாரைப் போட்டுவிட்டு, மறந்து, பக்கத்து வீட்டில் என்னோடு உட்கார்ந்திருந்தார். போர்வெல்லுக்குள் இறக்கிய மோட்டார், ஓடுகிற சத்தம் வீட்டுக்குள் யாருக்கும் கேட்காது. நீங்கள் கடையிலிருந்து சாப்பிட வந்தவர், ஷூட்டிங்கை மறந்து, மாடியிலிருந்து தண்ணீர் கொட்டுவதைப் பார்த்ததும் கேட்டில் நின்றே கத்திவிட்டீர்கள். உதவியாளர்கள் எல்லோரும் ஓடிவந்து, "இன்னா சார் நீங்க, ஷாட்டே போச்சு சார்!" என்று தலையில் கை வைத்தார்கள். உங்கள் முகம் கறுத்துவிட்டது. எல்லோருக்கும் போண்டாவும் டீயும் வாங்கிக் கொடுத்துவிட்டு, ஷூட்டிங் முடியும் வரை வீட்டுப் பக்கமே வரவில்லை.

படம் வராமல் போனதும் அதையே சொல்லிச் சொல்லி மாய்ந்தீர்கள். "என்னாலதான் அந்தப் புள்ள படம் நின்னுபோச்சி போல." மேடவாக்கம் வீட்டில் படுக்கையில் கிடந்தபோதும் ஒரு தடவை சொன்னீர்கள். நான், "அதெல்லாம் இருக்காது மாமா" என்றேன். என்ன தெரிந்து சொன்னேன்? ஆனால் பாருங்கள், நான் சொன்னதுதான் சரி. நீங்கள் கெடுத்த அந்த ஷாட் இல்லாவிட்டால் அது நல்ல படம், அவ்வளவுதான். அந்த ஷாட்டால்தான் அது இப்படி ஒரு படமாகிவிட்டது.

படம் முடிந்ததும் விளக்கைப் போட்டுக் கதவைத் திறந்துவிட்டார்கள். ஜாரை வாங்கிக்கொண்டு எந்த பஸ்ஸில் ஏறினேன், எங்கே இறங்கினேன் என்று நினைவில்லை.

செந்திலிடம் சொன்னேன். அத்தையைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்றேன். அவர் பிடி கொடுக்கவில்லை. "வேணாம் தேவி. அம்மா இருக்குற நெலமைல, தியேட்டர்ல இருட்டுல திடீர்னு அப்பா குரல் கேட்டா தாங்குவாங்களா? ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நீயா பதில் சொல்லுவ?"

"அவங்க தெனம் அடுப்படில நின்னு செத்துக்கிட்டிருக்காங்க. அதுக்கு யார் பதில் சொல்றது?"

"அந்தப் பையன் நம்பர் புடிச்சு அந்த இடத்த மட்டும் கேட்டு வாங்கிடலாம். வீட்ல போன்ல போட்டுக் காட்டு."

அதற்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை. உங்களுக்குப் புரியும், அதனால் சொல்கிறேன். போனில் போட்டால் அது மோட்டாரை நிறுத்தச் சொல்கிற ஒரு ஆளின் கத்தல். அந்த ஒரு மணி நேர அமைதிக்குப் பிறகு வந்தால்தான் அது கூப்பிடுவது. இதைச் சொன்னபோது செந்தில் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "என்னால கேக்க முடியாது தேவி" என்றார். அம்மாவுக்காக மட்டும் அவர் பயப்படவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. உங்கள் பிள்ளை உங்களுக்காக இன்னும் சரியாக அழவே இல்லை மாமா.

வியாழக்கிழமையோடு படத்தைத் தியேட்டரிலிருந்து தூக்கிவிடுவார்கள், வெள்ளிக்கிழமை பெரிய படம். வியாழக்கிழமை காலை அத்தையிடம் ஒளிக்காமல் சொன்னேன். "அத்தை, நம்ம வீட்ல எடுத்த படம் வந்திருக்கு. அதுல ஓரிடத்துல மாமா குரல் வருது. நீங்க வரணும்னா போலாம். வேணாம்னா வேணாம்." அத்தை எழுந்தார். உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தார். அவ்வளவுதான் பதில்.

ஆட்டோவில் நாங்கள் போக, செந்தில் பைக்கில் பின்னாலேயே வந்தார். வாசல்வரைதான் வருவேன் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தார். அங்கே போனால் கவுண்ட்டரில் வழக்கமான கதை. "ஆறு பேருதான் சேந்துகீது, நீங்க ரெண்டு பேரு. எட்டுப் பேருக்குப் போடமுடியாதும்மா." நான் ஒரே ஓட்டமாக ஓடிப் போய் மிக்ஸி கடை பாயைக் கூட்டி வந்தேன். "இன்னாம்மா, படம் பாக்கறதுக்கா இவ்ளோ அவசரம்?" என்றபடியே பாதி ஷட்டரை இறக்கிவிட்டு வந்தார். இன்னும் ஒரு ஆள் குறைந்தது. அத்தை திரும்பி, பைக்கின் மேல் உட்கார்ந்திருந்த தன் பிள்ளையைப் பார்த்தார். செந்தில் ஹெல்மெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி வந்தார்.

தியேட்டர் முன் ஹாலில் அந்த டைரக்டர் பையன் நின்றுகொண்டிருந்தான். கொஞ்சம் நரைத்திருக்கிறது. வருகிறவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவன், எங்களைப் பார்த்ததும் ஓடிவந்தான். "அக்கா! கீழ்க்கட்டளை வீடு!" அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டான். "அந்த ஒரு டேக்தான்மா படமே. எடிட்டிங்ல அதப் பாத்துட்டுத்தான் மிச்சக் கதையையே மாத்தினேன். மறுபடி காசு சேர்த்து, டப்பிங்ல மாத்திப் படத்த முடிக்கறதுக்குள்ள இத்தன வருஷம் ஆயிடுச்சு. சார்கிட்ட சொல்லணும்னு வந்தேன், வீடே இல்ல, வெறும் பள்ளமா இருந்துச்சு." எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். "சார் வரலையா?"

செந்தில்தான் சொன்னார். "அப்பா இல்லைங்க." இந்த வார்த்தையை அவர் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்தப் பையன் அத்தையின் கையை விடவில்லை. "தெரியாதுங்க, நான் தேடினேங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

உள்ளே அத்தை எனக்கும் செந்திலுக்கும் நடுவில் உட்கார்ந்தார். நம் வீடு திரையில் வந்ததும், "தோ, நம்ம மீன்சட்டி" என்றார், சன்னமாக. அப்புறம் பேசவில்லை. சினிமாவே ஆகாத அத்தை, முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண், "உள்ள தூங்குறாரு" என்று சொல்லும் ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டினார். பட்டன் தைக்கிற இடம் வந்தது. தப்பு செய்துவிட்டேனோ என்று நினைத்தேன். எழுந்து வெளியே கூட்டிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். அதற்குள் கூப்பிட்டுவிட்டீர்கள்.

"வசந்தா! ஏ வசந்தாஆ!"

அத்தை எழுந்து நின்றுவிட்டார்.

"தோ வந்துட்டேன்! இருங்க!"

தியேட்டர் முழுக்கக் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை. யாரும் 'உட்காருங்க' என்று சொல்லவில்லை. திரையில் அந்தப் பெண் சுவிட்சை நோக்கி நடக்க, இங்கே இருட்டில் அத்தை நின்றுகொண்டிருந்தார். அவள் அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்த பிறகு, அத்தையும் மெதுவாக உட்கார்ந்தார். என் பக்கம் சாய்ந்து, "கடைசில இழுப்பாரு. கோவம் வந்தாகூட கடைசில இழுப்பாரு. அதத்தான் மறந்துட்டேன்" என்றார். குரல் நடுங்கவில்லை. அந்தப் பக்கம் செந்தில் ஹெல்மெட்டை மடியில் வைத்து அதன்மேல் முகத்தைக் கவிழ்த்திருந்தார். முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது. அத்தை திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு கையை அவர் முதுகில் வைத்துக்கொண்டார்.

அன்றைக்கு அந்தப் பையன் ஆபரேட்டரிடம் கெஞ்சி, கடைசிப் பெயர்களையும் ஓடவிடச் சொல்லியிருந்தான். அத்தை எழுத்துக் கூட்டிப் படிப்பவர் என்பது உங்களுக்குத் தெரியும். எல்லாம் ஓடி மறைய, உங்கள் பெயர் இருந்த வரியை மட்டும் பிடித்துக்கொண்டு வாய்விட்டுப் படித்தார். "வசந்தாவின் கணவர்: சம்பந்தம்." படித்துவிட்டு, "சரியாத்தான் போட்டுகீறான்" என்றார்.

மாமா, உங்களுக்குச் சொல்ல வந்தது இவ்வளவுதான். நீங்கள் யாருடைய படத்தையும் கெடுக்கவில்லை. அந்தப் பையன் உங்களைத் தேடி வந்து ஒரு பள்ளத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறான். அவன் சொல்ல நினைத்ததை அவனுக்குப் பதிலாக நான் சொல்லிவிட்டேன். கேட்டதா? நீங்கள் இருக்கிற இடத்துக்கு எங்கள் சத்தம் வருமா, இல்லை உங்கள் சத்தம்தான் இங்கே வருமா?

அத்தை இப்போது நன்றாகச் சாப்பிடுகிறார். அடுப்பு முன்னால் நின்று தன்னைத் தானே கூப்பிட்டுப் பார்ப்பது அன்றோடு நின்றுவிட்டது. டாக்டர் மாத்திரையைக் குறைத்துவிட்டார். செந்திலுக்கு நிம்மதி. எனக்கும்தான்.

ஆனால் சில மத்தியானங்களில், வீட்டில் யாரும் யாரையும் கூப்பிடாதபோது, சமையலறையிலிருந்து பதில் மட்டும் வருகிறது. "தோ வந்துட்டேன்." முதல் தடவை கேட்டபோது ஓடிப் போனேன். எட்டிப் பார்த்தேன். அத்தை கையைத் துடைத்துக்கொண்டு, சாந்தமான முகத்தோடு, ஒன்றும் நடக்காததுபோல வெளியே வந்தார். யாருக்குப் பதில் சொன்னீர்கள் என்று என் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

அதை நான் எந்த நாளும் கேட்கமாட்டேன் மாமா. செந்திலையும் கேட்க விடமாட்டேன். நீங்கள் கூப்பிடுங்கள், அவர் பதில் சொல்லட்டும். நடுவில் நான் வாயைத் திறக்கமாட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உங்கள் வீட்டுக்கு வந்த மகள்,
தேவி